பெட்டியும் பலகையும்

எமது கல்லூரியின் யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருதல் வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய எம்மிடம் அவர்கள் எதிர்பார்த்தது குறளின் பொருட்சிறப்பையோ கம்பனின் கவிநயத்தையோ என்பதை யாம் அறியாமலில்லை. அவைபற்றி எழுதவல்ல பெரியோர் பலர் இக்கல்லூரியில் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். ஆதலின், அவர்கள் எழுதாத ஒன்றை, அதிலும் யாம் ஒருமுறை தவறி மறுமுறை திருந்திய ஒன்றை, எழுதத் துணிந்தோம். அது கணினிக்குத் தாய்ப்பலகை தேர்ந்த கதை. தமிழாசிரியருக்குத் தாய்ப்பலகையில் என்ன அலுவல் என்று வினவுவோர் கட்டுரையின் ஈறுவரை பொறுத்தருள்வாராக.

யூபிலி ஆண்டை முன்னிட்டு, எமது பழைய மாணவருள் ஓராண்டுத் தொகுதியினர் நூல்நிலையத்திற்குக் கணினியொன்று அமைப்பதற்குப் பணம் உதவினர். கல்லூரியின் பழைய மலர்கள் பல, தாள் பழுத்து, ஓரம் பொடிந்து, அலுமாரியிற் கிடக்கின்றன. அவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துச் சேமித்து வைத்தலே அக்கணினியின் முதற்பணி. கடையில் ஆயத்தமாகக் கிடைப்பதை வாங்காது, உறுப்புக்களைத் தனித்தனியே வாங்கி மாணாக்கரைக் கொண்டே பூட்டுவித்தால் அஃது அவர்களுக்கும் ஒரு பாடமாகும் என்பது அதிபரின் விருப்பம். அப்பொறுப்பு எம்மிடம் வந்தது. காரணம் பெரிதன்று. ஆசிரியர் அறைக் கணினி பழுதுபடும்போதெல்லாம் அதன் மூடியைக் கழற்றிப் பார்க்கும் வழக்கம் எமக்கு உண்டு, அவ்வளவே.

கணினியின் உறுப்புக்களுள் எண்ணிக் கணிப்பது செயலி. கணிக்குங்கால் வேண்டியவற்றைத் தாங்கி நிற்பது நினைவகம். நெடுநாட் காப்பது வன்தட்டு. இவை யாவும் கூடியிருந்து ஒன்றோடொன்று பேசும் திண்ணையே தாய்ப்பலகை. நினைவகம் போதாதாயின் இன்னுமொன்று செருகலாம். வன்தட்டு நிறைந்தால் வேறொன்று பூட்டலாம். பலகையை மாற்றுவதோ வீட்டின் அத்திவாரத்தை மாற்றுவது போன்றது. எந்தப் பெட்டி, எத்தனை நினைவகம், எத்தனை மேலதிக அட்டைகள் என்பனவெல்லாம் பலகையின் அளவைப் பற்றியே வரும். ஆதலின் எத்துணைப் பெரிய பலகை வேண்டும் என்பதே முதல் வினாவாயிற்று.

மாணாக்கருக்கு அளவு விளங்கும்பொருட்டுப் பழைய பத்திரிகைத் தாளில் மூன்று துண்டுகள் வெட்டுவித்தோம். முதலாவது 305 மில்லிமீற்றர் நீளமும் 244 மில்லிமீற்றர் அகலமும் உடையது. இது ஏ.ரீ.எக்ஸ் எனப்படும் பெரும்பலகை. இரண்டாவது, பக்கம் 244 மில்லிமீற்றர் கொண்ட சதுரம். இது மைக்குறோ ஏ.ரீ.எக்ஸ். மூன்றாவது, பக்கம் 170 மில்லிமீற்றர் கொண்ட சிறு சதுரம். இது மினி ஐ.ரீ.எக்ஸ். நாம் நாடோறும் கையாளும் ஏ4 தாளை இவற்றின்மீது வைத்துப் பார்த்தால், பெரும்பலகை தாளுக்கு வெளியே நீண்டு தெரியும்; சிறுபலகையோ தாளின் கீழ் முற்றாக மறைந்துவிடும். பரப்பைக் கணக்கிட்ட ஒரு மாணவன், நடுப்பலகை பெரும்பலகையில் நூற்றுக்கு 80 பங்கென்றும் சிறுபலகை 39 பங்கென்றும் கரும்பலகையில் எழுதிக் காட்டினான். இவை உச்ச அளவுகள் என்பதையும், கடையிற் கிடைக்கும் பலகைகளுட் சில இவற்றினும் ஒடுங்கியிருக்கும் என்பதையும் யாம் பக்கத்தே எழுதினோம்.

அளவு குறையக் குறைய இழப்பது யாது? பெரும்பலகையில் மேலதிக அட்டைகளுக்கென ஏழு செருகுவாய்கள் வரை அமையலாம். நடுப்பலகையில் நான்கு வரை, சிறுபலகையில் ஒன்றே. நினைவகத்திற்குப் பெரும்பலகையிற் பெரும்பாலும் நான்கு வாய்கள் உண்டு. நடுப்பலகையில் இரண்டும் உண்டு, நான்கும் உண்டு. பார்த்தே வாங்கல் வேண்டும். சிறுபலகையில் இரண்டு. வன்தட்டுக்களைத் தொடுக்கும் வாய்களும் இவ்வாறே குறைந்து செல்லும்.

ஈண்டு மாணாக்கரிடையே வழக்கு ஒன்று எழுந்தது. ஒருவன் பெரும்பலகையே வேண்டும் என்றான். 'கல்லூரிக்கு வாங்குவதைக் குறைவாக வாங்கலாமா? யூபிலிக்கு ஏற்றதாயிருக்க வேண்டாமா?' என்பது அவன் வாதம். மற்றொருவன் சிறுபலகையின் பக்கம் நின்றான். நூல்நிலைய மேசையில் இடம் அருமை. சிறிய பெட்டி புத்தகத்தோடு புத்தகமாக அடங்கியிருக்கும். மூன்றாவது செருகுவாய்க்கு வேலையே இல்லாதபோது ஏழு வாய்கள் எதற்கு என்றான். இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. சக ஆசிரியர் ஒருவர் எட்டிப்பார்த்து, 'பெரியதுதானே வேகமாக ஓடும்?' என்று கேட்டுச் சென்றார்.

அவருடைய ஐயத்தை முதலில் தீர்த்தல் வேண்டியிருந்தது. பலகையின் அளவு வேகத்தைத் தருவதன்று. ஒரே செயலியை, அதே நினைவகத்தோடு மூன்று பலகைகளிற் பூட்டினாலும் அன்றாட வேலையில் வேற்றுமை காண்பது அரிது. வேற்றுமை தோன்றுவது செயலிக்கு வலுவை அளந்தூட்டும் பகுதி தரமற்றிருந்தாலும், வெப்பம் வெளியேற வழியற்றிருந்தாலுமே. சிறு பெட்டியில் உறுப்புக்கள் நெருங்கியிருத்தலின் காற்றோட்டத்தில் மிகுந்த கவனம் வேண்டும். எம்மூரின் சித்திரை வெயிலில், மின்விசிறியும் வெந்த காற்றையே வீசும் நூல்நிலையத்தில், இது சிறு செய்தியன்று. விலையிலும் ஒரு புதுமை உண்டு. சிறியது மலிவாயிருக்கும் என எண்ணுவது இயல்பு. அத்தனை உறுப்புக்களையும் குறுகிய இடத்தில் அடக்க வேண்டியிருத்தலால், ஒத்த தரத்திற் சிறுபலகை பெரும்பாலும் நடுப்பலகையிலும் விலை கூடியதாகவே இருக்கும்.

இம்மூன்று அளவுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1984 ஆம் ஆண்டில் ஐ.பீ.எம் நிறுவனம் வெளியிட்ட ஏ.ரீ. என்னும் கணினியை ஒட்டியே பல்லாண்டுகள் பலகைகள் செய்யப்பட்டு வந்தன. அவற்றிற்கு வலுவூட்டும் தொடுப்பு இரண்டு துண்டுகளாயிருந்தது. அவற்றை இடம் மாற்றிப் பூட்டினால் பலகை எரிந்துபோகவும் கூடும். கறுப்புக் கம்பிகள் நடுவில் ஒன்றையொன்று நோக்க வேண்டுமென்று பழைய திருத்துநர் மனனஞ் செய்து வைத்திருப்பர். 1995 ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனம் ஏ.ரீ.எக்ஸ் விதியை வகுத்தபொழுது அத்தொடுப்பு மாற்றிப் பூட்ட இயலாத ஒரே துண்டாயிற்று. வெளித் தொடுப்புக்களும் பெட்டியின் பின்புறத்தில் ஓரிடத்திற் கூடின. 1997 ஆம் ஆண்டில் மைக்குறோ ஏ.ரீ.எக்ஸ் வந்தது. 2001 ஆம் ஆண்டில் தாய்வான் நாட்டு வியா நிறுவனம் மினி ஐ.ரீ.எக்ஸை வெளியிட்டது.

இவற்றுட் பின்வந்தோர் செய்த நன்மை யாதெனின், முன்னையோரின் திருகாணித் துளைகளைப் புறக்கணியாமையே. சிறுபலகையின் நான்கு துளைகளும் பெரும்பலகைக்கென அமைந்த பெட்டியின் நான்கு இடங்களிற் சரியாகப் பொருந்தும். வலுத் தொடுப்பும் ஒன்றே. பின்புறத்து யன்னலும் ஒன்றே. தமிழ் மாணாக்கருக்கு இதனை விளக்குதல் எளிதாயிற்று. குறள் வெண்பா இரண்டடி, நேரிசை வெண்பா நான்கடி, கலிவெண்பாவோ பலவடி. அளவு வேறாயினும் மூன்றிலும் பயில்வது வெண்டளை ஒன்றே. தளை ஒன்றாயிருத்தலினாலன்றோ இவையெல்லாம் ஓரினமாயின!

தளையை மாற்றியவர் பட்ட பாட்டையும் சொல்லுதல் தகும். 2004 ஆம் ஆண்டளவில் அதே இன்ரெல் நிறுவனம் பீ.ரீ.எக்ஸ் என்னும் புதிய அமைப்பொன்றைக் கொணர்ந்தது. வெப்பம் மிகுந்த அக்காலச் செயலிகள்மீது காற்று நேரே ஓடிக் குளிர்விக்கும் வண்ணம் உறுப்புக்கள் இடம்மாற்றி வைக்கப்பட்டன. அமைப்பிற் குறை சொல்வதற்கில்லை. ஆயின், பழைய பெட்டிகளில் அது பொருந்தாது. புதிய பெட்டியில் பழையது பொருந்தாது. வெப்பங் குறைந்த செயலிகளும் பின்னர் வந்துவிட்டன. சில ஆண்டுகளுள் அவ்வமைப்புக் கைவிடப்பட்டது. 1995 ஆம் ஆண்டின் விதியோ இன்றும் வாழ்கிறது.

துளைகள் பொருந்துவதில் ஒரு நியதி உண்டு. சிறிய பலகை பெரிய பெட்டியுள் அமரும். பெரிய பலகை சிறிய பெட்டியுள் அமராது. குழந்தைக்கும் தெரிந்த இந்நியதியைத்தான் யாம் ஒருகால் மறந்தோம். அதனைச் சொல்லாது விடின் இக்கட்டுரை எழுதியதற்குப் பயனில்லை.

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் கணினித் திரைக்கும் கைபேசிக்கும் இடம்பெயர்ந்தன. எம்மிடம் உயர்தர வகுப்பிற் பயின்ற மாணவன் ஒருவன் வீட்டில் இரண்டும் இல்லை. அவனுடைய தாயார் தையல் வேலை செய்து, சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தை எம்மிடம் கொண்டுவந்து தந்து, 'மாஸ்ரர், உங்களுக்குத் தெரியுந்தானே. பிள்ளைக்கு ஒண்டு செய்து குடுங்கோ' என்றார். யாமும் மகிழ்ந்தே பொறுப்பேற்றோம். அலுவலகமொன்றிற் கழித்த கணினிப் பெட்டியொன்றைத் தெரிந்தவர் இலவசமாக உதவினார். ஊரடங்கு தளர்ந்த ஒருநாள் கடைக்குச் சென்றோம். கடையில் நடுப்பலகையும் இருந்தது, பெரும்பலகையும் இருந்தது. விலையில் வேறுபாடு சிறிது. ஏழைப் பிள்ளைக்கு வாங்குவது பெரிதாயிருக்கட்டும் என்று எண்ணினோம். பெட்டியை அளக்கவில்லை.

வீட்டிற்கு வந்து பிரித்துப் பார்த்தபொழுது பலகை பெட்டிக்குள் அடங்கவில்லை. எவ்வாறு சரித்துப் பார்த்தும் அறுபது மில்லிமீற்றர் எஞ்சி நின்றது. உறை பிரித்த பண்டத்தைக் கடைக்காரர் மீளப் பெறவில்லை, அவர்மீது குற்றமில்லை. வேறு பெட்டி வாங்கப் பணமுமில்லை, கடைகள் திறக்கும் நாளும் தெரியவில்லை. ஈற்றில் ஓர் ஒட்டுப்பலகையில் மரக்கட்டைகள் அறைந்து, அதன்மேல் தாய்ப்பலகையைத் திருகி, நுளம்பு வலைத் துணியால் மூடிக் கொடுத்தோம். இயங்கியது. ஓராண்டிற்கு மேலாக அவன் அதிலேயே படித்தான். எமது சமயோசிதத்தை எண்ணி யாமே பெருமிதமும் கொண்டோம்.

2021 ஆம் ஆண்டு கார்த்திகை மழையில், இரவொன்றில், சூட்டை நாடி வந்த பல்லியொன்று வலையின் ஓரத்தால் நுழைந்து பலகையின்மீது ஏறியது. பல்லியும் மாண்டது, பலகையும் மாண்டது. மூடிய பெட்டிக்குள் இருந்திருப்பின் பெரும்பாலும் இது நேர்ந்திராது. பரீட்சைக்கு அப்பொழுது மூன்று மாதமே இருந்தது. வன்தட்டிலிருந்த குறிப்புக்கள் தப்பின. ஆயின் அவற்றைத் திறந்து பார்க்கக் கணினி இல்லை. அவன் நாடோறும் மாலையில் மிதிவண்டியில் நண்பன் வீட்டிற்குச் சென்று படித்தான். புதிது வாங்கலாம் என்று யாம் பணம் சேர்க்க முற்பட்டபொழுது 2022 ஆம் ஆண்டு வந்தது. ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர் சில மாதங்களுள் 350 ரூபாவைக் கடந்தது. வேண்டிய பொருளின் விலை எம் சம்பளத்துக்கு எட்டாது போயிற்று. மின்வெட்டோ நாளொன்றிற் பாதியை விழுங்கியது.

பரீட்சையில் அவன் தேறினான். எனினும் அவன் விரும்பிய துறை சிறு வேறுபாட்டிற் கிட்டாது போயிற்று. அதற்கு அப்பலகைதான் காரணம் என்று எவரும் எம்மிடம் கூறவில்லை. அன்று என்று கூற எமக்கும் நா எழவில்லை. பணத்தைத் தவணை முறையில் திருப்பித் தர யாம் அவன் தாயாரிடம் சென்றபொழுது அவர் வாங்க மறுத்து, 'நீங்கள் வேணுமெண்டோ செய்தனீங்கள் மாஸ்ரர்? தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ' என்றார். அத்தேநீர் போல எம் தொண்டையிற் சிக்கிய பொருள் வேறில்லை.

நிற்க. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பர். நூல்நிலையக் கணினிக்கு எம்மனம் சிறுபலகையையே நாடியதன் உள்ளுறை இதுதான். சிறியதை வாங்கினால் எந்தப் பெட்டியிலும் அமரும். மீண்டும் அத்தவறு நேராது என எண்ணினோம். அச்சத்தினாற் செய்யும் தேர்வும் அளவாது செய்யும் தேர்வே என்பது அப்போது எமக்குத் தோன்றவில்லை.

மாணாக்கரின் வழக்கு முடிவுறாதிருந்தமையால், இறுதியில் அந்த மாணவனுக்கே தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். அவன் இப்பொழுது யாழ்ப்பாண நகரிற் கணினி திருத்தும் இடமொன்றில் வேலை பார்க்கிறான். யாம் கூறியதையெல்லாம் கேட்டபின் அவன் சிரித்து, 'சேர், முதல் பெட்டியை அளந்து பாருங்கோ' என்றான். அவன் எம்மைக் குத்திக்காட்டவில்லை, தொழிற்கூற்றாகவே சொன்னான். பின்பு, அந்தக் கணினிக்கு இன்று என்ன வேலை, ஐந்தாண்டில் என்ன வேலை, பழுதானால் யார் திருத்துவது என்று மூன்று வினாக்களை வினவினான்.

விடைகளைச் சொல்லச் சொல்லத் தேர்வு தானே தெளிந்தது. இன்றைய வேலை பக்கங்களைப் படமெடுத்தல். அதற்கு எப்பலகையும் போதும். ஐந்தாண்டிற் படங்கள் பெருகும். ஒரே படத்தை இரண்டு வன்தட்டுக்களில் வைத்தாலன்றிப் பாதுகாப்பில்லை. நினைவகமும் கூடுதலாக வேண்டிவரும். அதற்குச் சிறுபலகை இடர்ப்படும். பழுதானாலோ, நடுப்பலகைக்கு மாற்று நகரத்துக் கடைகளில் எளிதிற் கிடைக்கும். சிறுபலகைக்குக் கொழும்பிற்குச் சொல்லியனுப்பிக் காத்திருக்க வேண்டும். பெரும்பலகையின் ஏழு வாய்களை நிரப்ப நூல்நிலையத்தில் வேலை இல்லை. ஆதலின் பலகை நடுத்தரம். பெட்டி மட்டும் பெரும்பலகைக்கும் இடங்கொடுப்பதாயிருக்கட்டும் என்றான். பெட்டி இருபது ஆண்டு உழைக்கும். பலகை அத்துணை உழையாது. நாளை எவர் எவ்வளவு பலகை வாங்கினாலும் அதற்குள் அமரும். விலை கூடினாலும் கொஞ்சமே.

பூட்டிய நாளில் அவனும் வந்திருந்தான். வழக்கிட்ட மாணவர் இருவருமே திருப்புளி பிடித்தனர். பலகையைத் தாங்கும் பித்தளைத் தூண்களை அவர்கள் பெட்டியின் அடித்தட்டில் நட்டு முடித்ததும், பலகையை வைப்பதற்கு முன் அவன் தடுத்து, 'பலகையிலை எத்தினை துளை? அடியிலை எத்தினை தூண்?' என்று எண்ணச் சொன்னான். துளை எட்டு, தூண் ஒன்பது. துளையில்லாத இடத்தில் நின்ற அத்தூண், பலகையின் அடிப்புறத்து ஈயப்பற்றுக்களைத் தொட்டு மின்னைக் குறுக்கே பாய்ச்சியிருக்கும். அதனைக் கழற்றிய பின்னரே பலகை அமர்ந்தது. பெரிய பெட்டியிற் சிறிய பலகையை வைப்போர் அனைவரும் நினைவிற் கொள்ளத்தக்கது இஃது: இடம் பொருந்தினாலும் தூண்களை எண்ணுக.

நினைவகத்திற்கு நான்கு வாய்கள் இருந்தன. கையிலிருந்த பணத்திற்கு 8 கிகாபைற் கொண்ட இரண்டையே வாங்கினோம். பலகையோடு வந்த கைந்நூலிற் கூறியவாறு, செயலியிலிருந்து எண்ண இரண்டாவதும் நான்காவதுமான வாய்களில் அவற்றைச் செருகினர். முதலாவதும் மூன்றாவதும் வெறுமையாய் நின்றன. பெரும்பலகைக்கு வாதாடிய மாணவன் அவற்றைக் காட்டி, 'சேர், குறையாய் விட்டிருக்கிறம் போலக் கிடக்கு' என்றான். அதற்கு மறுமொழி எம்மிடம் இருக்கவில்லை. எம் பழைய மாணவனே சொன்னான்: 'குறையில்லைத் தம்பி. நீர் வேலைக்குப் போய் உழைச்சு வாங்கித் தரத்தான் அது.'

கணினி இயங்குகிறது. பழைய மலர்களின் பக்கங்கள் ஒவ்வொன்றாக அதனுள் ஏறிக்கொண்டிருக்கின்றன. இம்மலரும் ஒருநாள் ஏறும். யூபிலியென்றால் நிறைந்ததைக் கொண்டாடுதல் என்றே இதுகாறும் எண்ணியிருந்தோம். அளந்து வாங்கி, அடுத்து வருவோர்க்கு இடமும் விட்டுச் செல்லுதல் அதிற் சேர்ந்ததென்பதை எமக்குக் கற்பித்தவன், யாம் அளவாது வாங்கியதால் இடர்ப்பட்ட அந்த மாணவனே. நூல்நிலையத்திற்கு வரும் பழைய மாணவர்கள் அப்பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து பார்க்கலாம். இரண்டு வாய்கள் இன்னும் வெறுமையாகவே உள்ளன.